தாளாளரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டுமா?

கேள்வி: கிறிஸ்தவ நிர்வாகம் நடத்தும் பெண்கள் பள்ளியில் என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் இந்துக்கள், நானும் அங்கே படித்தவள்தான். இந்த ஆண்டு ‘மாணவியர் பாதுகாப்பும் குடும்ப வாழ்வும்’ என்று ஓர் உறுதிமொழிப் படிவம் தந்து, பெற்றோரைக் கையெழுத்திடச் சொல்கிறார்கள். ‘நம் பள்ளி ஒரு குடும்பம், எந்தப் புகாரையும் தாளாளரிடம் மட்டுமே தெரிவிக்க வேண்டும்’ என்பது அதன் கடைசி வரி. கையெழுத்திடலாமா?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: நீங்கள் அனுப்பிய படிவத்தை முழுவதும் படித்தேன். மாலை நான்கரை மணிக்குமேல் எந்த மாணவியையும் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி நிறுத்திவைப்பதில்லை என்பதும், தனி வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்தே இருக்கும் என்பதும், ஞாயிறு குடும்பத்துக்குரிய நாள் என்பதால் அன்று சிறப்பு வகுப்பு கிடையாது என்பதும் பொறுப்புணர்ந்து எழுதப்பட்டவை. உறுத்துவது அந்தக் கடைசி வரிதான்.

ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதாகவோ நடக்கக்கூடும் என்றோ அறியவரும் எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு. தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆகவே தாளாளரிடம் சொல்லிவிட்டதோடு உங்கள் கடமையோ, விசாரிக்கிறோம் என்று சொல்வதோடு அவர் கடமையோ முடிந்துவிடாது. அரசமைப்பின் 30-ஆவது உறுப்பு சிறுபான்மையினருக்குத் தருவது கல்வி நிலையம் நடத்தும் உரிமை. குற்றத்தை உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளும் உரிமை அன்று.

பிள்ளைக்கு நேர்ந்ததை வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று எத்தனையோ வீடுகளில் வாயை அடைத்ததும் குடும்பத்தின் பெயரால்தான். அதனால்தான் பள்ளியைக் குடும்பம் என்று அழைக்கும் வரியை நான் இருமுறை படிக்கிறேன். சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்று இயேசு சொன்னதை, அந்தப் பள்ளியின் காலை வழிபாட்டில் நீங்களே கேட்டிருப்பீர்கள். அந்த வார்த்தையில் நிறுவனத்தின் நற்பெயருக்கு எந்தச் சலுகையும் இல்லை.

காவல்துறை என்றதும் குழந்தையை நிலையத்துக்கு இழுத்தடிப்பார்களே என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாமல், கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே வாக்குமூலம் பெற வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. இரவில் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒன்றைக் கேளுங்கள். 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளின்படி, ஆசிரியர் மட்டுமன்றி ஒப்பந்தப் பணியாளர் உட்பட எல்லாப் பணியாளரின் பின்னணியையும் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். வேன் ஓட்டுநருக்கும் விளையாட்டுப் பயிற்சியாளருக்கும் அது நடந்திருக்கிறதா? மாணவியரின் நாட்குறிப்பில் குழந்தைகளுக்கான 1098, தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் 14417 ஆகிய உதவி எண்கள் அச்சிடப்பட்டுள்ளனவா?

படிவத்தில் கையெழுத்திடுங்கள், ஆனால் அதற்குமுன் கடைசி வரியில் உள்ள ‘மட்டுமே’ என்பதை அடித்துவிட்டு, ‘காவல்துறைக்குத் தெரிவிக்கும் சட்டக் கடமைக்கு உட்பட்டு’ என்று எழுதி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.