ஏவுதளமே இல்லாத நிலவிலிருந்து அப்பல்லோ வீரர்கள் எப்படிக் கிளம்பினார்கள்?

கேள்வி இதுதான்: பூமியிலிருந்து கிளம்ப 110 மீட்டர் உயர சாட்டர்ன் 5 ராக்கெட்டும் பெரிய ஏவுதளமும் கட்டுப்பாட்டு அறை நிறையப் பொறியாளர்களும் வேண்டியிருந்தது. நிலவிலோ இரண்டே பேர், ஒரு சின்னக் கலம். அதை வைத்துக்கொண்டு எப்படி மேலே ஏறி வீடு திரும்பினார்கள்?

சந்தேகம் நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தீர்ந்துவிடும்.

பூமியைச் சுற்றும் தாழ்வான பாதையில் நிற்க நொடிக்கு 7.8 கி.மீ. வேகம் வேண்டும். ஏறும்போது காற்றுத் தடையாலும் ஈர்ப்பாலும் வீணாவதைச் சேர்த்தால் ராக்கெட் கொடுக்க வேண்டியது சுமார் 9.4 கி.மீ. நிலவில் காற்று கிடையாது, ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. அங்கே எல்லாம் சேர்த்து 1.85 கி.மீ. போதும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் எரிபொருளும் ஐந்தில் ஒரு பங்கு என்று நினைத்துவிட வேண்டாம். ராக்கெட் சமன்பாட்டில் வேகம் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது, அதாவது வேகம் கூடக் கூட எரிபொருள் பன்மடங்காகப் பெருகும். நிலவுக்கலத்தின் மேல் பகுதி எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் வேகம் நொடிக்கு சுமார் 3.05 கி.மீ. இந்த எஞ்சினை வைத்துக் கணக்கிட்டால், நிலவில் 1 கிலோவைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகக் கிளம்பும்போது 1.83 கிலோ இருந்தால் போதும். அதே வேலையைப் பூமியில் செய்யக் கிட்டத்தட்ட 22 கிலோ வேண்டும். இதில் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மீதிப் பாதி, எதை மேலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள் என்பதில் இருக்கிறது. நிலவிலிருந்து நேராகப் பூமிக்கு வரும் கலம் என்றால் வெப்பக் கவசம், பாராசூட்கள், திரும்பும் பயணத்துக்கான எரிபொருள் எல்லாவற்றையும் நிலவில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். அப்படி ஒரு பிரம்மாண்டக் கலத்தை இறக்கும் திட்டம் நாசாவில் தீவிரமாகப் பேசப்பட்டது. லாங்லி ஆய்வு மையத்துப் பொறியாளர் ஜான் ஹூபோல்ட் அதை விடாமல் எதிர்த்தார். திரும்பி வரும் கலத்தை நிலவைச் சுற்றும்படி விட்டுவிட்டு, இலேசான ஒரு கலத்தில் மட்டும் இறங்கி ஏறலாம் என்பது அவர் வாதம். மேலதிகாரிகளைத் தாண்டி நாசா தலைமைக்கே 1961 நவம்பரில் கடிதம் எழுதினார். 1962 ஜூலையில் நாசா அந்த வழியையே தேர்ந்தெடுத்தது. அப்பல்லோவின் ஆகச்சிறந்த முடிவு இதுதான் என்பேன். நிலவிலிருந்து கிளம்பிய கலம் பூமிக்கு வர வேண்டியதே இல்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த கட்டளைக் கலம் வரை போனால் போதும்.

இனி ஏவுதளம். நிலவுக்கலம் இரண்டு அடுக்கு. நான்கு கால்களுடன் இருக்கும் கீழ்ப் பகுதியில் இறங்குவதற்கான எஞ்சினும் அதன் எரிபொருளும் இருக்கும். மேல் பகுதியில் வீரர்களின் அறையும் ஏறுவதற்கான தனி எஞ்சினும் இருக்கும். இறங்கியதும் கீழ்ப் பகுதியின் வேலை முடிந்துவிடும், பிறகு அதுவே ஏவுமேடை. கிளம்பும் கணத்தில், இரண்டையும் இணைக்கும் வெடிபோல்ட்டுகள் வெடிக்கும், இரண்டுக்கும் நடுவே ஓடும் மின்கம்பிகளையும் குழாய்களையும் வெடிமருந்தால் இயங்கும் கத்தி வெட்டும், எஞ்சின் பற்றும். மேல் பகுதி இன்னும் கீழ்ப் பகுதி மேல் உட்கார்ந்திருக்கும்போதே எஞ்சின் எரியத் தொடங்குவதால், சூடான வாயு நடுவில் மாட்டிக்கொண்டு கலத்தைக் கவிழ்க்குமோ என்ற பயம் இருந்தது. 1968 ஜனவரியில் ஆளில்லா அப்பல்லோ 5 பூமிச் சுற்றுப்பாதையில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டது.

கலம் சமதளத்தில் நிற்க வேண்டும் என்பதுகூட இல்லை. அப்பல்லோ 15 கலம் சுமார் 11 டிகிரி சாய்ந்துதான் நின்றது, அப்படியே கிளம்பியது. எந்தப் பக்கம் மேல் என்று வழிகாட்டு அமைப்புக்குத் தெரிந்தால் போதும். அதற்காகக் கிளம்பும் முன் தொலைநோக்கியில் நட்சத்திரங்களைப் பார்த்தும் நிலவின் ஈர்ப்புத் திசையை அளந்தும் அதைச் சரிசெய்வார்கள்.

உண்மையான கவலை எஞ்சின் பற்றித்தான். மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு, இது ஒன்றே ஒன்று. அதனால் கெட்டுப்போக வாய்ப்புள்ள எதையும் அதில் வைக்கவில்லை. எரிபொருளைத் தள்ளப் பம்பு கிடையாது. ஹீலியம் வாயுவின் அழுத்தமே தள்ளும். பற்றவைக்கும் கருவி கிடையாது; ஏரோசீன் 50 என்ற எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் ஒன்றையொன்று தொட்டாலே தீப்பிடிக்கும். எஞ்சினின் திசையைத் திருப்ப முடியாது, விசையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வால்வு திறந்தால் 15,600 நியூட்டன் உந்துவிசை, மூடினால் பூஜ்யம். வால்வுகளுக்கும் இரட்டை ஏற்பாடு. அப்பல்லோ 11 மேல் பகுதியின் நிறை கிளம்பும்போது சுமார் 4,890 கிலோ. நிலவின் ஈர்ப்பில் அதன் எடை 7,900 நியூட்டன்தான். ஏறக்குறைய இரண்டு மடங்கு விசை கையில் இருந்தது.

படங்களில் மேல் பகுதி ஒரு பக்கம் கன்னம் வீங்கியதுபோலத் தெரியும். அதற்கும் காரணம் இந்த எரிபொருள்தான். இரண்டு திரவமும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு, ஆனால் டெட்ராக்சைடு 1.6 மடங்கு கனம். எடை நடுவில் நிற்க வேண்டுமே, அதனால் இலேசான எரிபொருளின் தொட்டியை மையத்திலிருந்து தூரமாகத் தள்ளி வைத்தார்கள்.

இவ்வளவு எளிய எஞ்சினும் சுலபமாக வந்துவிடவில்லை. பெல் நிறுவனம் செய்த முதல் வடிவத்தில், திரவங்களைத் தெளிக்கும் இன்ஜெக்டர் தொல்லை கொடுத்தது. எரியறைக்குள் அழுத்தம் அலை அலையாக ஏறி இறங்கத் தொடங்கினால் தானாக அடங்கவில்லை. அது எஞ்சினையே கிழித்துவிடும். எரியும்போதே உள்ளே ஒரு சின்ன வெடியை வெடிக்கவைத்து, அலை அடங்குகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. கடைசியில் ராக்கெட்டைன் நிறுவனத்தின் இன்ஜெக்டரைப் பொருத்தி, 1968-ல்தான் பிரச்சினை தீர்ந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அதை நம்பி நிலவில் நின்றார்கள்.

கிளம்பும் முன் எடையைக் குறைப்பார்கள். முதுகுப்பை உயிர்காப்புக் கருவிகள், மேல் காலணிகள், குப்பை எல்லாம் கதவு வழியே வெளியே போகும். அப்பல்லோ 11-ல் அந்த முதுகுப்பைகள் தரையில் விழுந்த அதிர்வை, சற்று முன் அவர்களே வைத்துவிட்டு வந்த நில அதிர்வுமானி பதிவு செய்தது. அவ்வளவு நுட்பமான கருவி அது. உள்ளே வந்தபோது ஆல்ட்ரின் இன்னொன்றைக் கண்டார்: ஏறும் எஞ்சினுக்கு மின்சாரம் தரும் சர்க்கியூட் பிரேக்கரின் குமிழ் உடைந்து தரையில் கிடந்தது. குறுகலான இடத்தில் யாருடைய முதுகுப்பையோ இடித்திருக்க வேண்டும். ஒரு ஃபெல்ட் பேனாவின் முனையால் அதை உள்ளே அழுத்தினார், அது நின்றது. கணினி வழியாக வேறு வழியும் இருந்திருக்கலாம்; ஆனால் கிளம்பும் நேரத்தில் மாற்று வழியை நம்ப யாருக்கும் விருப்பம் இருக்காது.

கிளம்ப 5 நொடி இருக்கும்போது கணினித் திரையில் 99 என்ற எண் மின்னும். எஞ்சினைப் பற்றவைக்கட்டுமா என்று அது அனுமதி கேட்கிறது. வீரர் ‘புரொசீட்’ பொத்தானை அழுத்தினால்தான் கிளம்பும். 1969 ஜூலை 21 அன்று அது நடந்தது. முதல் 10 நொடி நேராக மேலே. பிறகு கலம் சட்டென்று முன்னால் குனியும். நிலவில் காற்று இல்லாததால் உயரம் தேடிப் போக வேண்டியதில்லை, பக்கவாட்டு வேகம்தான் முக்கியம். எஞ்சினின் திசையைத் திருப்ப முடியாது என்பதால், எரிபொருள் குறையக் குறைய எடை மையம் நகரும்போது நான்கு மூலைகளிலும் இருந்த 16 சின்ன உந்திகள்தான் கலத்தை நேராக வைத்திருந்தன. அதனால் கலம் ஆடி ஆடித்தான் ஏறும். சுமார் 7 நிமிடம் 15 நொடியில் எஞ்சின் நின்றபோது கலம் நிலவுக்கு மேல் 17 கி.மீ. முதல் 87 கி.மீ. வரை உயரம் மாறும் நீள்வட்டப் பாதையில் இருந்தது.

மேலே மூன்றாவது வீரர் காலின்ஸ் ஓட்டிய கட்டளைக் கலமான கொலம்பியா சுமார் 110 கி.மீ. உயரத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் பாதை உயர்ந்துபோய்ப் பின்தங்கத்தான் செய்யும். தாழ்வான பாதையில் இருப்பவர்தான் சுற்றை வேகமாக முடிப்பார். அதனால் கீழேயே இருந்து நெருங்கி, படிப்படியாகப் பாதையை உயர்த்தினார்கள். கிளம்பியதிலிருந்து இணைய 3 மணி 41 நிமிடம் ஆனது. அனுபவம் கூடியதும் இடைப்படிகளை விட்டுவிட்டு, அப்பல்லோ 14-ல் 1 மணி 47 நிமிடத்தில் முடித்தார்கள்.

எஞ்சின் பற்றியே இருக்காவிட்டால்? கொலம்பியாவுக்குக் கால்கள் இல்லை, அதனால் இறங்க முடியாது. மீட்க வழியே கிடையாது. அந்த நிலைமைக்காக அதிபர் நிக்சனுக்கு ஓர் உரையும் எழுதி வைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் பாதியில் நின்று, கலம் தவறான பாதையில் மாட்டிக்கொண்டால் கதை வேறு. அப்போது கொலம்பியா தாழ இறங்கிப்போய்ப் பிடிக்கலாம். அதற்கான 18 விதமான வழிமுறைகளை காலின்ஸ் ஒரு குறிப்பேட்டில் வைத்திருந்தார். எதுவும் தேவைப்படவில்லை. நிலவில் இறங்கிய ஆறு பயணங்களிலும் அந்த எஞ்சின் முதல் முயற்சியிலேயே பற்றியது.

இணைந்ததும் வீரர்களும் பாறைகளும் கொலம்பியாவுக்கு மாறினார்கள், மேல் பகுதியைக் கழற்றி விட்டார்கள். கொலம்பியாவின் பெரிய எஞ்சின் இரண்டரை நிமிடம் எரிந்து நொடிக்கு 1 கி.மீ. கூடுதல் வேகம் கொடுக்க, பூமியை நோக்கிய பயணம் தொடங்கியது.

இந்தக் கேள்வியோடு எப்போதும் ஒட்டி வருவது: ‘கிளம்புவதைப் படம் பிடித்தது யார்?’ அப்பல்லோ 17-ல் ரோவர் வண்டியை எட்ட நிறுத்திவிட்டு வந்தார்கள். அதிலிருந்த கேமராவை ஹூஸ்டனிலிருந்து இயக்கியவர் எட் ஃபெண்டெல். சிக்னல் போய்ச் சேரவே 1.3 நொடி ஆகும். படத்தைப் பார்த்துக் கேமராவைத் திருப்பினால் கலம் அதற்குள் மேலே போயிருக்கும். அதனால் கிளம்பும் நேரத்தைக் கணக்கிட்டு, கட்டளைகளை முன்கூட்டியே அனுப்பினார். அப்பல்லோ 15-ல் கேமராவை மேலே சாய்க்கும் பொறி பழுதாகியிருந்தது. 16-ல் வண்டி நின்ற தூரம் சரியாக அமையவில்லை, கலம் சட்டத்தை விட்டு ஓடிவிட்டது. மூன்றாவது முயற்சியில்தான், 1972 டிசம்பர் 14 அன்று, கலம் மேலே போவது முழுதாகப் பதிவானது. கீழே பெரிய தீப்பிழம்பு தெரியவில்லையே என்றால், இந்த எரிபொருளின் சுடர் ஏறக்குறைய நிறமற்றது. வெற்றிடத்தில் அது உடனே விரிந்து பரவியும் விடும்.