ஹால் டிக்கெட்டை நிறுத்துறது ஒரு கேஸ், ஃபீஸ் ஏத்துனது வேற கேஸ்

கேள்வி: வக்கீல் சார், என் தங்கச்சி ஒரு அரசு பல்கலைக்கழக வளாகத்துல பி.டெக் மூணாவது வருஷம் படிக்குது. நாங்க எஸ்.சி., அப்பா கொத்தனார் வேலை, நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில டெய்லர். போன வருஷ போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இன்னும் வரல. ஆபீஸ்ல "கட்டிட்டு எழுது, ஸ்காலர்ஷிப் வந்தா நீயே எடுத்துக்கோ, இல்லன்னா ஹால் டிக்கெட் கிடையாது"ன்னு சொல்றாங்க. இந்த வருஷம் ஃபீஸும் ஏத்திட்டாங்க, சேரும்போது சொன்ன தொகை வேற. ரெண்டு வருஷமும் சேர்த்து 62,000 கேக்கறாங்க. அஞ்சு வட்டிக்கு வாங்கி கட்டிடலாம்னு அப்பா சொல்றார். கோர்ட்டுக்கு போனா ஜெயிக்குமா?

பதில்: தம்பி, அப்பாகிட்ட முதல்ல அந்த வட்டிக்காரர் வீட்டு பக்கம் போக வேணாம்னு சொல்லுங்க. மாசம் நூத்துக்கு 5 ரூபாய்னா வருஷத்துக்கு 60 ஆச்சு, 62,000க்கு 37,000 வட்டி மட்டும். அரசாங்கம் கட்ட வேண்டிய பணத்துக்கு நீங்க எதுக்கு வட்டி கட்டணும். கந்துவட்டியை தடுக்க 2003லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு, அது தனி கதை, இன்னொரு நாள் பேசலாம்.

உங்க லெட்டர்ல ரெண்டு பிரச்சனை ஒண்ணா கலந்து கிடக்கு. ஒண்ணு, ஸ்காலர்ஷிப் வராததுக்கு தங்கச்சியோட ஹால் டிக்கெட்டை பிடிச்சு வைக்கிறது. இன்னொண்ணு, பாதியில ஃபீஸ் ஏத்துனது. முதல் கேஸ் நல்ல கேஸ். ரெண்டாவது உண்மைய சொன்னா ரொம்ப சுமாரான கேஸ். ரெண்டையும் ஒரே மனுவுல போட்டீங்கன்னா எதிர்த்தரப்பு வக்கீல் ரெண்டாவதை பத்தியே பேசி பேசி நேரத்தை ஓட்டிடுவார், பரீட்சை தேதி வந்து நிக்கும்.

கோர்ட் பத்தி பேசுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இதை செய்யாம என்கிட்ட வராதீங்க. ஸ்காலர்ஷிப் நிஜமாவே வரலையான்னு பாருங்க. நான் ஏன் இப்படி கேக்கறேன்னா இந்த பணம் இப்ப ரெண்டு தனித்தனி பாகமா வருது, மாநில அரசு பங்கு 40 சதவீதம், மத்திய அரசு பங்கு 60 சதவீதம், 2020-21ல இருந்து இதுதான் கணக்கு, மத்திய பங்கு நேரா மாணவரோட பேங்க் அக்கவுண்டுக்கு வரும், காலேஜ் அக்கவுண்டுக்கு போகாது. அதுவும் அப்ளிகேஷன்ல எழுதின அக்கவுண்டுக்குதான் வரும்னு இல்ல, ஆதாரோட கடைசியா எந்த அக்கவுண்டை சேர்த்தாங்களோ அதுக்கு போயிடும். என்கிட்ட வந்த ஒரு பொண்ணுக்கு சிம் கார்டு வாங்குன கடையில ஓப்பன் பண்ணி விட்ட பேமெண்ட்ஸ் பேங்க் அக்கவுண்ட்ல பணம் விழுந்து கிடந்துச்சு, அப்படி ஒரு அக்கவுண்ட் இருக்குன்னே அந்த பொண்ணுக்கு தெரியாது. அதனால பேங்க்ல போய் ஆதார் சீடிங் எந்த அக்கவுண்டுக்கு இருக்குன்னு கேளுங்க, தங்கச்சி பேருல இருக்கற எல்லா பாஸ்புக்கையும் என்ட்ரி போடுங்க, பழைய ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் ஒண்ணு ரொம்ப நாளா ஓடாம கிடந்தா அதையும்.

பணம் ஏற்கனவே வந்து, வீட்டு செலவுக்கு எடுத்துட்டீங்கன்னா அதை என்கிட்ட மறைக்காதீங்க. உதவித்தொகையில தங்கச்சி செலவுக்குன்னு ஒரு பங்கு உண்டு, பி.டெக்னா ஹாஸ்டல்ல இருந்தா வருஷத்துக்கு 13,500, வீட்ல இருந்து போனா 7,000, அது உங்களோடது. மிச்சம் கட்டண பங்கு, அது வந்ததும் காலேஜுக்கு கட்டியாகணும். அதை செலவு பண்ணிட்டு கோர்ட்டுக்கு போனா முதல் ஹியரிங்லயே மானம் போயிடும், கேஸும் போயிடும்.

வரலைன்னு உறுதி ஆச்சுன்னா எங்க நிக்குதுன்னு பாருங்க. யூமிஸ்னு காலேஜ் மாணவர் விவரம் இருக்கற அரசு போர்ட்டல்ல தங்கச்சியோட நம்பரை போட்டு ஸ்டேட்டஸ் பாருங்க, பல தடவை காலேஜ்ல ஸ்காலர்ஷிப்பை கவனிக்கற நோடல் ஆபீசர் வெரிஃபை பண்ணாமலே கிடக்கும், அதாவது ஃபீஸ் கட்டுன்னு விரட்டுற அதே ஆபீஸ்ல பக்கத்து டேபிள்ல ஃபைல் தூங்கும். அப்படி இருந்தா அந்த ஸ்கிரீன்ஷாட்தான் உங்க கேஸோட உயிரு. தொகை எவ்வளவுன்னு ஏறியிருக்குன்னும் பாருங்க, பழைய ஃபீஸா புது ஃபீஸான்னு.

வருமான சர்டிபிகேட் விஷயத்துல ஒரு பயம் வேணாம். வரம்பு வருஷத்துக்கு 2.5 லட்சம், அப்பா அம்மா உயிரோட இருக்கும்போது அவங்க வருமானம்தான் கணக்கு, அண்ணன் திருப்பூர்ல வாங்குற சம்பளத்தை அதுல சேர்க்கறது திட்டத்துல இல்ல. விஏஓ சேர்த்து எழுதுனா அங்கயே கேளுங்க.

இப்ப சட்டம். தகுதி இருக்கற எஸ்.சி. மாணவர்கிட்ட முன்பணமா ஃபீஸ் கேக்காம சேர்த்துக்கணும்ங்கறதுதான் இந்த திட்டத்தோட அடிப்படையே, அதுக்குதான் ஃப்ரீஷிப் கார்டுன்னு ஒண்ணு வச்சாங்க, பணம் வந்ததும் கட்டிடறேன்னு மாணவர் எழுதி கொடுக்கணும் அவ்வளவுதான். தமிழ்நாடு அரசும் இதை காலேஜுகளுக்கு சொல்லிக்கிட்டுதான் இருக்கு. பல்கலைக்கழகத்துகிட்ட காசு இல்லைங்கறது உண்மையா இருக்கலாம், மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துல சம்பளம் வரலைன்னு ஆசிரியர்களும் ஊழியர்களும் போராடுனதை எல்லாரும் பாத்தோம். ஆனா அது பல்கலைக்கழகத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல உள்ள கணக்கு. அரசாங்கம் லேட்டா கொடுக்கறதுக்கு மாணவியை பிணையா பிடிச்சு வைக்க முடியாது, அரசு பல்கலைக்கழகம் அரசியலமைப்பு 12வது பிரிவுப்படி அரசோட ஒரு அங்கம், தனியார் காலேஜ் மாதிரி "எங்க ரூல்"னு சொல்லிட்டு போக முடியாது.

அதனால தங்கச்சியை ஒரு மனு எழுத சொல்லுங்க. பதிவாளருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும், ஒரு நகல் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு. விண்ணப்பிச்ச தேதி, யூமிஸ் நம்பர், இன்னும் தொகை வரலைங்கறது, வந்த உடனே கட்டிடறேன்னு உறுதி, ஹால் டிக்கெட் கொடுங்கன்னு கோரிக்கை. ஒரு பக்கம் போதும், அழுது எழுத வேணாம். தபால் செக்‌ஷன்ல கொடுத்து நகல்ல சீல் வாங்கணும், சீல் போட மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி கிடைக்கற மாதிரி அனுப்புங்க. "கட்டலைன்னா ஹால் டிக்கெட் இல்ல"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தா அதையும் எடுத்து வைங்க, வாயால சொன்னதை கோர்ட்ல நிரூபிக்கறது கஷ்டம்.

பரீட்சைக்கு ஒரு மாசத்துக்கு மேல இருந்தா மாணவர் குறைதீர் குழுவுக்கும் போடுங்க, யுஜிசியோட 2023 விதிப்படி 15 வேலை நாள்ல அவங்க அறிக்கை கொடுக்கணும், அதுல திருப்தி இல்லைன்னா ஆம்பட்ஸ்பர்சன்னு மேல இருக்கற குறைகேட்பு அதிகாரிகிட்ட அப்பீல். நாள் கம்மியா இருந்தா இதுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, நேரா உயர்நீதிமன்றத்துல அரசியலமைப்பு 226வது பிரிவுல ரிட் மனு. ஹால் டிக்கெட் கொடுன்னு பல்கலைக்கழகத்துக்கு கோர்ட் ஆணை போட கேக்கறது, அதான் மேண்டமஸ், கூடவே பரீட்சை எழுத விட சொல்லி இடைக்கால உத்தரவு கேக்கணும், ரொம்ப அவசரம்னா அன்னைக்கே மதியம் விசாரிக்கற லஞ்ச் மோஷன்ல எடுக்க சொல்லி கேக்கலாம். இந்த மாதிரி வழக்குல பெரும்பாலும் கிடைக்கறது "எழுதட்டும், ரிசல்ட் இந்த மனுவோட முடிவுக்கு கட்டுப்பட்டது"ங்கற உத்தரவு. அது போதும், வருஷம் போகாம இருந்தா சரி.

ஐஐடி தன்பாத் கேஸை யாராவது உங்ககிட்ட சொல்லுவாங்க, அதனால சொல்லிடறேன். 2024ல உத்தரப்பிரதேசத்து கூலித் தொழிலாளி மகன் ஒருத்தர், தலித் மாணவர், 17,500 ரூபாயை ஜூன் 24 சாயங்காலம் 5 மணிக்குள்ள கட்ட முடியாம சீட்டை இழந்தார். அந்த வருஷம் ஜேஇஇ அட்வான்ஸ்டு நடத்துனது ஐஐடி மெட்ராஸ்ங்கறதால நம்ம சென்னை உயர்நீதிமன்றத்துக்கு கூட வந்து பாத்தார், கடைசில செப்டம்பர் 30ல உச்சநீதிமன்றம் சீட் கொடுக்க சொல்லிச்சு. ஆனா அது 142வது பிரிவு, உச்சநீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். அதை நம்பிட்டு இங்க யாரும் கடைசி நாள் வரைக்கும் காத்திருக்க கூடாது.

ஃபீஸ் உயர்வுக்கு வருவோம். அரசு பல்கலைக்கழகத்துல ஃபீஸை அதோட சட்டப்படி சிண்டிகேட், அதாவது பல்கலைக்கழக நிர்வாகக் குழு மாதிரி அதிகாரம் உள்ள அமைப்புதான் நிர்ணயிக்கணும், சும்மா ஒரு சர்க்குலர்ல ஏத்த முடியாது. சுயநிதி காலேஜுக்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில ஃபீஸ் கமிட்டி இருக்கே அது உங்க வளாகத்துக்கு பொருந்தாது. சேர்ந்தப்ப கொடுத்த ப்ராஸ்பெக்டஸை தேடி எடுங்க, "கட்டணம் மாற்றத்துக்கு உட்பட்டது"ன்னு ஒரு வரி பொதுவா இருக்கும். அது இருந்து, சிண்டிகேட் தீர்மானமும் இருந்தா கோர்ட் தலையிட தயங்கும், இது கொள்கை முடிவுன்னு சொல்லிடும். தீர்மானமே இல்லைன்னா அப்ப கேஸ் இருக்கு, அதை தெரிஞ்சுக்க 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போடுங்க, 30 நாள்ல பதில் வரணும்.

நம்ம ஊர்ல ஃபீஸ் குறைஞ்ச கதை எல்லாம் கோர்ட்டை விட அரசாங்கத்துகிட்டதான் நடந்திருக்கு. சிதம்பரம் ராஜா முத்தையா மெடிக்கல் காலேஜை பாருங்க, அண்ணாமலை பல்கலைக்கழகத்தை அரசு எடுத்தது 2013ல, ஆனா அதுக்கப்புறமும் எம்பிபிஎஸ்க்கு வருஷம் 5.44 லட்சம் வாங்கிட்டு இருந்தாங்க, மத்த அரசு மெடிக்கல் காலேஜ்ல 13 ஆயிரத்து சொச்சம்தான். மாணவர்கள் 50 நாளுக்கு மேல உக்காந்து போராடுன அப்புறம் 2021 தொடக்கத்துல சுகாதாரத்துறைக்கு மாத்தி அதே அளவுக்கு ஆக்குனாங்க. அண்ணா பல்கலைக்கழகம் 2023 நவம்பர்ல ஒரு பேப்பர் பரீட்சை ஃபீஸை 150ல இருந்து 225 ஆக்கப் பாத்தப்பவும் எதிர்ப்பு வந்து அரசு தலையிட்டுதான் நின்னுச்சு. அதனால ஃபீஸ் உயர்வை தங்கச்சி ஒரு ஆளா தூக்கி சுமக்க வேணாம், எல்லா மாணவர்களும் சேர்ந்து உயர்கல்வித் துறை செயலாளருக்கு போடட்டும்.

இன்னொண்ணு, முறையா ஏத்துன ஃபீஸா இருந்தா அந்த கூடுதல் தொகையையும் ஸ்காலர்ஷிப்தான் பாத்துக்கணும், ஏன்னா கட்டாயமான, திரும்ப கிடைக்காத கட்டணம் எல்லாம் அதுல அடக்கம். காஷன் டெபாசிட் மாதிரி திரும்ப வர்ற தொகைதான் அதுல வராது. 62,000ல எது எதுன்னு பிரிச்சு எழுதி கேளுங்க, மொத்தமா ஒரு நம்பரை சொன்னா ஒத்துக்காதீங்க.

7.5 சதவீத ஒதுக்கீட்டுல சேர்ந்திருந்தா இந்த தலைவலியே இல்ல, ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும், ஆனா அதுக்கு ஆறாவதுல இருந்து அரசு பள்ளியா இருக்கணும். தங்கச்சி எங்க படிச்சாங்கன்னு நீங்க எழுதல. அரசு பள்ளின்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வாங்குறாங்களான்னு பாருங்க, வேற ஸ்காலர்ஷிப் இருந்தாலும் அது உண்டு.

வக்கீல் ஃபீஸுக்கு பயந்து நிக்காதீங்க. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12வது பிரிவுல எஸ்.சி. சமூகத்துக்கும் பெண்களுக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, தங்கச்சி ரெண்டு வகையிலயும் வர்றாங்க. 15100க்கு போன் போட்டு கேளுங்க. ஆனா வக்காலத்துல கையெழுத்து நீங்க போட முடியாது, அவங்களுக்கு 18 தாண்டிடுச்சு, அவங்கதான் போடணும், அதனால பேப்பர் எல்லாம் ரெடியானதும் ஆதார், சீல் வாங்குன மனு, யூமிஸ் ஸ்கிரீன்ஷாட் மூணையும் கையோட எடுத்துட்டு ஒரு நாள் லீவு போட்டு அவங்களையே வரச் சொல்லுங்க.