எடுத்துப் போட்டால் மறுபடி இடும்: வீட்டுப் புறாவின் முட்டையை என்ன செய்வது?

கேள்வி: திருச்சியில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். எட்டு மாதமாக இரண்டு புறா வளர்க்கிறோம். இரண்டுமே ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பால்கனியில் அழுக்குத் துணி போடும் கூடைக்குள், என் கணவரின் சட்டை மேல் ஒரு முட்டை கிடந்தது. புறா அதன் பக்கத்தில் நிற்கிறதே தவிர அடை உட்காரவில்லை. முட்டை கெட்டுவிட்டதா? குஞ்சு வைத்துக்கொள்ள எங்களுக்கு இடமில்லை. எடுத்துப் போட்டுவிடலாமா? வீட்டுக்குள் புறா முட்டையிட்டால் ஆகாது என்று மாமியார் வேறு சொல்கிறார்.

பதில்: சகுனத்தை மாமியாரிடமே விட்டுவிடுகிறேன். மற்றபடி, முட்டை கெடவில்லை. இன்னும் ஒன்று வரும். எடுத்துப் போட வேண்டாம். குஞ்சு வராமல் தடுக்க வேறு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

புறாவுக்கு ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் கணக்கு. முதல் முட்டை பெரும்பாலும் சாயங்காலம் 5, 6 மணி வாக்கில் விழும். அடுத்த நாள் முழுக்க ஒன்றும் நடக்காது. அதற்கடுத்த நாள் மதியம் 1, 2 மணிக்கு இரண்டாவது முட்டை வரும். ஏறக்குறைய 44 மணி நேர இடைவெளி. செவ்வாய் சாயங்காலம் முதல் முட்டை என்றால் வியாழன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடுத்தது. இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது கூடையில் இரண்டு இருக்கும். ஒற்றை முட்டையின் மேல் உட்காராமல் காவல் நிற்பது பெட்டையின் சோம்பல் இல்லை. முழு அடை தொடங்குவதே இரண்டாவது முட்டைக்குப் பிறகுதான். அப்படி இருந்தால்தான் இரண்டு குஞ்சும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பொரிந்து, ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் ஆகாமல் வளரும்.

'இரண்டும் ஆண்' என்று கொடுத்தவர் உங்களை ஏமாற்றினார் என்று நினைக்க வேண்டாம். கோழி போலக் கொண்டையும் வாலும் பார்த்துச் சொல்ல முடியாத பறவை இது. இருபது வருஷம் வளர்த்தவர்களே இளம் புறாவில் தவறு செய்வார்கள். கழுத்தை உப்பிக்கொண்டு, வாலைத் தரையில் இழுத்தபடி வட்டமடித்துக் கூவுவது சேவல் என்பார்கள். ஆனால் சேவல் இல்லாத இடத்தில் இரண்டு பெட்டைகளே ஜோடி சேர்ந்துகொள்ளும், அதில் ஒன்று இதையெல்லாம் அச்சாகச் செய்யும். ஆகவே இந்த வாரம் முட்டையை மட்டும் எண்ணுங்கள். கூடையில் மூன்றோ நான்கோ சேர்ந்தால் இரண்டுமே பெட்டை, அத்தனையும் கூமுட்டை, குஞ்சுக் கவலையே கிடையாது. இரண்டோடு நின்றால் சேவலும் பெட்டையுமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இப்போது முக்கியமான விஷயம், ஏன் எடுத்துப் போடக் கூடாது என்பது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் மொட்டைமாடியில் ஒரு செவலைப் பெட்டை இருந்தது. குஞ்சு அதிகமாகிவிட்டது என்று வீட்டில் திட்டு. நான் கண்டுபிடித்த வழி, முட்டை விழுந்ததும் எடுத்துவிடுவது. எடுத்தேன். பத்தே நாளில் மறுபடி இரண்டு. அதையும் எடுத்தேன். மறுபடி இரண்டு. நான்காவது தடவை ஒரு சாயங்காலம் அது கூண்டுத் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடியது. குளிர் போலிருக்கிறது என்று ஒரு சாக்கைப் போர்த்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் செத்துக் கிடந்தது. வயிற்றுக்குள் ஓடு கட்டாத தோல்முட்டை ஒன்று அடைத்திருந்தது. பக்கத்துத் தெருவில் கர்ணப்புறா விடும் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முட்டைய எடுத்தா முட்டை நிக்காதுடா தம்பி. அடைதான் நிப்பாட்டும்."

அவர் சொன்னதன் உள் விவரம் பிறகுதான் புரிந்தது. அடை உட்கார்ந்திருக்கும்போது, வயிற்றின் கீழே முட்டை தட்டுப்பட்டுக்கொண்டே இருப்பதால் புறாவின் உடலில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும். அது இருக்கும்வரை சினைப்பை புது முட்டையைத் தயார் செய்யாது. முட்டை காணாமல் போனால், 'கூடு பறிபோய்விட்டது, மறுபடி தொடங்கு' என்றுதான் உடல் எடுத்துக்கொள்ளும். எட்டுப் பன்னிரண்டு நாளில் அடுத்த ஜோடி. ஒவ்வொரு ஓட்டுக்கும் வேண்டிய கால்சியம் தீனியில் வராவிட்டால் எலும்பிலிருந்து போகும். எடுக்க எடுக்கப் பெட்டைதான் கரையும்.

அதனால் முட்டையை மாற்றிவையுங்கள். பொய்முட்டை என்று பறவைக் கடைகளில் பிளாஸ்டிக்கில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தச்சரிடம் மரத்தில் கடைந்து வாங்கலாம். ஏறக்குறைய 4 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம் இருந்தால் போதும். நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் புறா கண்டுகொள்ளாது. உடனே எதுவும் கையில் இல்லையா? அதே முட்டையை நன்றாக வேகவைத்து, முழுக்க ஆறவிட்டு, ஈரம் துடைத்துத் திருப்பி வைத்துவிடுங்கள். திருச்சி வெயிலில் விரிசல் விட்ட அவித்த முட்டை நாறிவிடும் என்பதால் இது தற்காலிக ஏற்பாடுதான். பொய்முட்டை வந்ததும் மாற்றிவிடுங்கள்.

இதை எப்போது செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். இரண்டாவது முட்டை விழுந்த அன்றோ மறுநாளோ செய்துவிட வேண்டும். அடை தொடங்கிய மூன்று நான்கு நாளில் உள்ளே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். அதன்பின் எடுக்க உங்களுக்கே மனது வராது, வரவும் கூடாது என்பது என் கட்சி. மாற்றும்போது உள்ளங்கை கீழே பார்க்க, புறங்கை மேலாக, புறாவின் வயிற்றுக்கடியில் மெதுவாக நுழையுங்கள். இறக்கையால் ஒரு அறை விழும், வலிக்கும், பயப்பட ஒன்றுமில்லை. காலை 10 மணி வாக்கில் பெட்டை எழுந்து சேவல் உட்காரும், சாயங்காலம் மறுபடி பெட்டை, ராத்திரி முழுக்க அதுதான். ஃபேக்டரி ஷிஃப்ட் மாதிரி தவறாமல் நடக்கும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கை வைத்தால் வேலை சுலபம்.

பொரிக்க வேண்டிய நாள் சுமார் 18. பொய்முட்டை என்றால் 20, 25 நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தாங்களாகவே எழுந்துபோகும். அதுவரை எடுக்காதீர்கள். 'பாவம், வீணாக உட்கார்ந்திருக்கிறதே' என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் பெட்டையின் உடம்புக்கு அதுதான் ஓய்வு.

இதே மூன்று வாரத்தில் கால்சியத்தைக் கவனியுங்கள். கோழிமுட்டை ஓட்டைக் கழுவி, வெறும் சட்டியில் வறுத்து, நொறுக்கி ஒரு கிண்ணத்தில் தனியாக வையுங்கள். கடையில் விற்கும் கிளிஞ்சல் நொறுக்கு இன்னும் நல்லது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும், வேண்டவே வேண்டாம். கம்பு, சோளம், கோதுமையோடு பச்சைப்பயறோ பட்டாணியோ சேரட்டும். கால்சியம் உடம்பில் ஒட்ட வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். பால்கனியில் காலை வெயில் நேராக விழட்டும்.

என் செவலைப் பெட்டைக்கு வந்த அறிகுறிகளை மறக்காதீர்கள்: இறகு உப்பி, கண் சொருகி, தரையிலேயே உட்கார்ந்து, வால் ஆட, முக்கி முக்கிப் பார்ப்பது. சில சமயம் கால் தளர்ந்து நிற்கவே முடியாது. முதல் முட்டைக்குப் பின் இரண்டாவது வராமல் இப்படி உட்கார்ந்தால் அதே நாளில் மருத்துவரிடம் போக வேண்டும், 'காலையில் பார்க்கலாம்' கிடையாது. போகும்வரை அட்டைப்பெட்டியில் துணி விரித்து, வெளியே பக்கத்தில் ஒரு குண்டு பல்பு எரியவிட்டு, 30 டிகிரி அளவில் கதகதப்பாக வைத்திருங்கள். வயிற்றை அமுக்கி எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் முடிந்தது கதை. உங்கள் பக்கம் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பறவை பார்க்கும் மருத்துவர் உள்ளூரில் யார் என்று முட்டை நல்லபடியாக இருக்கும் இப்போதே விசாரித்து, எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஒருவேளை மனம் மாறி ஒரு தடவை குஞ்சு பார்க்கலாம் என்றால், ஆறாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, முட்டையைக் கைப்பேசி டார்ச் மேல் வைத்து விரல்களால் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு. மஞ்சளாக, தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை. பொரிந்த குஞ்சுக்கு முதல் ஒரு வாரம் தாயும் தகப்பனும் தீனிப்பையில் சுரக்கும் புறாப்பால்தான் சாப்பாடு. அதனால்தான் கைவிட்ட முட்டையை விளக்கு வைத்துப் பொரிக்க நினைப்பவர்களைத் தடுக்கிறேன், பொரிந்தாலும் ஊட்ட நம்மிடம் அது கிடையாது. அப்புறம் ஒன்று. குஞ்சு கூட்டை விட்டு வெளியே வர நான்கைந்து வாரம் ஆகும், அதற்குள் பெட்டை அடுத்த முட்டை இட்டிருக்கும். எனக்கென்னவோ, ஃபிளாட்டில் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

ஒற்றைப் புறா வளர்ப்பவர்களும் 'ஜோடியே இல்லை, எப்படி முட்டை?' என்று அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, ஜோடி இருக்கிறது என்ற எண்ணமே போதும். 1939-இல் ஹாரிசன் மாத்யூஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், தனியே அடைத்த பெட்டைக்கு எதிரில் கண்ணாடி வைத்தால் தன் பிம்பத்தைப் பார்த்தே முட்டையிடும் என்று சோதித்துக் காட்டினார். வீட்டில் அந்தக் கண்ணாடி பல நேரம் நம் கைதான். முதுகையும் வாலடியையும் தடவுவது புறாவுக்குச் சேவலின் கொஞ்சல். தலையையும் கழுத்தையும் மட்டும் தடவுங்கள், கண்ணாடியை எடுத்துவிடுங்கள், அலமாரி மூலை, கட்டிலடி மாதிரி இருட்டு மறைவுகளை அடைத்துவிடுங்கள். ராத்திரி 10 மணி வரை டியூப்லைட் வெளிச்சத்தில் இருக்கும் புறாவுக்கு எப்போதும் முட்டைக் காலம்தான். 6, 7 மணிக்கே இருட்டான இடத்துக்கு மாற்றினால் குறையும். உங்கள் ஜோடிக்கும், இந்த அடை முடிந்தபின் இது பொருந்தும். சேவலையும் பெட்டையையும் தனித்தனிக் கூண்டில் வைப்பதும் உதவும், ஆனால் தனியே இருக்கும் பெட்டையும் முட்டையிடலாம் என்பதால் அதுவும் முழு உறுதி இல்லை.

கூடைக்கு வருவோம். துணிநூல் புறாவின் காலில் சுற்றி இறுகும், அதனால் துணியிலேயே விட வேண்டாம். ஒரு சாண் அகல மண்சட்டியில் கொஞ்சம் மணல் போட்டு, மேலே விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒடித்துப் பரப்பி, முட்டைகளை அதில் வைத்து, சட்டியை அதே கூடைக்குள் அதே இடத்தில் வைத்துவிடுங்கள். இடம் மாறாதவரை புறா ஏற்றுக்கொள்ளும். பால்கனியில் காக்கை வராமல் ஒரு வலை கட்டுங்கள். எச்சத்தைக் காய்ந்த பின் பெருக்கினால் தூசி நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுத் துடையுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவர் அந்த வேலையைத் தொட வேண்டாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வாரம் பதறிப்போய் எழுதுவீர்கள். அடைப் பெட்டை ராத்திரி முழுக்க அடக்கிவைத்து, காலையில் எழுந்ததும் ஒரே தடவையாகப் போடும். அளவும் நாற்றமும் நீங்கள் இதுவரை பார்க்காத மாதிரி இருக்கும். வயிற்றுப்போக்கு இல்லை, அடைப் புறாவின் வழக்கமே அதுதான். அதனால் கணவரின் சட்டையை இன்றைக்கே கூடையிலிருந்து எடுத்துவிடுங்கள்.