ஆறாவது படிக்கிற பையனுக்கு வாசிக்கத் தெரியல, நகைய வச்சு பிரைவேட்ல சேக்கலாமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்துல ஒரு ஊர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "வீட்டுக்காரர் விசைப்படகுல கூலிக்குப் போறார் சார், நான் கடல்பாசி எடுக்கப் போவேன். பையன் இப்பதான் ஆறாவது சேந்திருக்கான், கவர்மென்ட் ஸ்கூல். போன வாரம் பஸ் ஸ்டாண்டுல போர்டை வாசிடான்னு சொன்னேன், முழிக்கிறான். இத்தனைக்கும் அஞ்சாவது வரை மார்க் வாங்கிட்டுத்தான் வந்தான். 3 வயசுல பாப்பா ஒண்ணு இருக்கு, நான் பாசிக்குப் போற நாள்ல அவன்தான் வீட்ல இருந்து பாத்துக்குவான். நகைய வச்சு இங்கிலீஷ் மீடியத்துல போட்டுடுன்னு எல்லாரும் சொல்றாங்க, போடலாமா?"

நகை பெட்டியிலயே இருக்கட்டும் தங்கச்சி. ஏன்னு சொல்றேன்.

முதல்ல இது உங்க பையன் ஒருத்தனோட கதை இல்ல. நம்மள மாதிரி நாடுகள்ல பிள்ளைகள பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டு வந்துட்டோம், சோறு போட்டோம், புத்தகம் குடுத்தோம், ஆனா உள்ள போன பிள்ளைக்கு எழுத்து வந்துச்சான்னு பாக்குறதுலதான் கோட்ட விட்டோம். 10 வயசுல ஒரு சின்னக் கதையக் கூட வாசிச்சுப் புரிஞ்சுக்க முடியாத பிள்ளைங்க, வருமானம் கம்மியா இருக்க நாடுகளையும் நடுத்தர நாடுகளையும் சேத்து எண்ணினா பாதிக்கு மேலன்னு 2019ல உலக வங்கி சொன்னது, அது கொரோனாவுக்கு முந்தி. நம்ம ஊர்ல எட்டாவது வரை ஃபெயில் கிடையாது, அது நல்ல சட்டம்தான், இல்லன்னா நம்ம கடற்கரைப் பிள்ளைங்க பாதிப் பேரு அஞ்சாவதுலயே நின்னுருப்பாங்க, ஆனா அதனால பிள்ளைக்கு வாசிக்க வரலங்கறதும் வெளிய தெரியாமலே போயிடுது, ஒன்பதாவது வந்ததும்தான் மொத்தமா இடிக்கும். நானே ஒரு பையன ரெண்டு வருஷம் கண்டுபிடிக்கல. பக்கத்துல இருக்கவன் வாயப் பாத்தே பாடம் பூரா ஒப்பிச்சுட்டு இருந்திருக்கான், வாத்தியாரு நான் எதிர்ல நின்னுக்கிட்டே இருக்கேன்.

சரி, பிரைவேட் விஷயத்துக்கு வர்றேன். கல்வி உரிமைச் சட்டத்துல (ஆர்டிஇ) பிரைவேட் ஸ்கூல்ல ஃபீஸ் இல்லாம குடுக்குற 25 சதவீத சீட்டு எல்கேஜி, ஒண்ணாவதுன்னு முதல் வகுப்புல நுழையுறப்ப மட்டும்தான், ஆறாவதுக்கு கிடையாது, அதனால முழு ஃபீஸும் உங்க தலையிலதான். (பாப்பாவுக்கு வேணா பின்னாடி போட்டுப் பாக்கலாம், ஆனா 2025ல மத்திய அரசு பணம் வரலன்னு அந்த சேர்க்கையே மாசக்கணக்குல இழுத்துச்சு, அதையே நம்பி உக்காராதீங்க.) இந்த ஃபீஸ் எப்ப கேப்பாங்கன்னு யோசிச்சீங்களா? மே, ஜூன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு பூரா கரையில கிடக்கும். அடுத்த டெர்ம் ஃபீஸ் வர்றப்ப ஐப்பசி கார்த்திகை, வாடை அடிச்சு பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டா கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. ஸ்கூல் காலண்டரும் கடல் காலண்டரும் நேர் எதிரா ஓடுது, நடுவுல நகை மூழ்கும், பையன் ஏழாவதுல மறுபடி பழைய ஸ்கூலுக்கே வருவான். இப்படி வந்தவங்கள நான் நிறைய பாத்துருக்கேன்.

அதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. ஆறுல இருந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளியிலயே படிச்சாதான் மெடிக்கல், இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு, காலேஜ் போனதும் மாசம் 1,000 ரூபாய் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை (இதுக்கு மட்டும் அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம்னாலும் சேரும்) எல்லாத்துக்கும் கணக்கு சேரும். அந்தக் கணக்கு ஆரம்பிக்கிற வருஷத்துலயே பிள்ளைய வெளிய எடுக்குறீங்க.

அப்புறம் இங்கிலீஷ். கென்யாவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஸ்கூலுக்கு ஸ்கூல் புதுப் பாடப்புத்தகம் இலவசமா குடுத்துப் பாத்தாங்க, பாத்தா ஏற்கனவே நல்லா படிச்ச பிள்ளைங்கதான் முன்னேறுச்சு, மத்த பிள்ளைங்க அதே இடத்துலதான் இருந்துச்சு, ஏன்னா புத்தகம் இங்கிலீஷ்ல, நிறைய பிள்ளைங்களுக்கு அது மூணாவது மொழி. அந்த ஆராய்ச்சியில இருந்த மைக்கேல் கிரெமருக்கு 2019ல நோபல் குடுத்தாங்க, கூட வாங்கின பானர்ஜியும் டுஃப்லோவும் நம்ம நாட்லயே பாத்துச் சொன்னது, பிள்ளைய வகுப்ப வச்சுப் பிரிக்காம அது நிக்கிற படிய வச்சுப் பிரிச்சு சொல்லிக் குடுத்தா சீக்கிரம் வரும்னு. தமிழ்ல 'கை'ய வாசிக்கத் தடுமாறுற பையன இங்கிலீஷ்ல போட்டா ஒப்பிக்கிறது கூடும், அவ்வளவுதான்.

அதனால அவன் எந்தப் படியில நிக்கிறான்னு நீங்களே பாருங்க. தனியா உக்கார வச்சு, திட்டாம, முதல்ல பத்து எழுத்து, அப்புறம் ரெண்டெழுத்து மூணெழுத்து வார்த்தை, அப்புறம் நாலு வரி, அப்புறம் ஒரு சின்னக் கதை. மனப்பாடமான்னு சந்தேகமா இருந்தா வரியோட நடுவுல ஒரு வார்த்தைய விரல் வச்சு கேளுங்க, இல்ல கடைசி வார்த்தையில இருந்து பின்னாடி வரச் சொல்லுங்க, மாட்டிக்குவான். உங்களுக்கே வாசிக்கத் தடுமாற்றம்னா காலேஜ் போற பக்கத்து வீட்டுப் பொண்ணக் கேளுங்க, கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

சொல்லிக் குடுக்குறதுக்கு ஒண்ணாவது புத்தகத்தை எடுத்து நீட்டாதீங்க, பதினோரு வயசுப் பையனுக்கு அவமானமாப் போயிடும், எந்திரிச்சு ஓடிருவான். அவனுக்குத் தெரிஞ்ச மீன்ல ஆரம்பிங்க. காரல்ல வர்றது சின்ன ர, பாறையில வர்றது பெரிய ற. நெத்திலிக்கு ந, கணவாய்க்கு ண, மீனுக்கு ன. வாளைக்கு ள. ழவுக்கு மீன் தேடிப் பாத்தேன், சட்டுனு சிக்கல, கீழக்கரைய வச்சுக்கோங்க. அட்டையில எழுதி கலைச்சுப் போட்டு எடுக்கச் சொல்லுங்க, தினம் அரை மணி நேரம் போதும், ஆனா தினம். ஞாயித்துக்கிழமை ஒரேடியா மூணு மணி நேரம் உக்கார வைக்கிறது வேலைக்கே ஆகாது.

இப்ப கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. உங்க லெட்டர்ல நோயே பாப்பாவப் பாத்துக்குற அந்த வரியிலதான் இருக்கு. ஆறு முதல் எட்டு வரை வருஷத்துக்கு 220 நாள் ஸ்கூல் நடக்கணும்னு சட்டம், நீங்க பாசிக்குப் போற நாளெல்லாம் கழிச்சா அவனுக்கு எத்தனை மிச்சம்? 3 வயசுப் பிள்ளைய அங்கன்வாடியில விடலாம், நாளைக்கே போய்ப் பேசுங்க. நீங்க விடியக்காலையிலயே கிளம்பணும்னா கூடப் பாசி எடுக்குற நாலு வீட்டுக்காரங்க சேந்து, அன்னைக்கு தண்ணிக்குப் போகாத ஒருத்தர் அத்தனை பிள்ளைகளையும் கொண்டு போய் விடுற மாதிரி முறை போட்டுக்கோங்க. காலைச் சாப்பாடும் கவனிங்க, அரசோட காலை உணவு அஞ்சாவதோட முடிஞ்சுது, ஆறாவதுல மத்தியானம்தான், வெறும் வயித்தோட போனா எந்த எழுத்தும் ஏறாது.

ஸ்கூல்ல சண்டைக்குப் போகாதீங்க, எழுதிக் குடுங்க. ஹெச்எம்க்கு ஒரு பக்கம், பையனுக்கு எது வருது எது வரலன்னு, ஒரு நகல் உங்க கையில. கல்வி உரிமைச் சட்டம் 24வது பிரிவே சொல்லுது, பிள்ளையோட கற்கும் திறனப் பாத்து தேவைன்னா கூடுதலா சொல்லிக் குடுக்கணும், பெத்தவங்களக் கூப்பிட்டு பேசணும்னு. 6 முதல் 9 வரைக்கும் அடிப்படை வராத பிள்ளைங்களுக்குன்னே 2025ல திறன்னு ஒரு திட்டம் வந்துச்சு, அதுல 'என் பையன் பேரு இருக்கா'ன்னு கேளுங்க. கேட்டும் நகரலன்னா பள்ளி மேலாண்மைக் குழுவுல பேசுங்க, அதுல முக்கால்வாசி பெத்தவங்கதான், பாதி பெண்கள் இருக்கணும், அங்க போய் வாய மூடிக்கிட்டு கையெழுத்து மட்டும் போட்டுட்டு வராதீங்க. அப்பவும் இல்லன்னா பள்ளிக்கல்வித் துறையோட உதவி எண் 14417க்கு போன் போடுங்க.

மூணு மாசம் தினம் உக்காந்தும் எழுத்தே பிடிபடல, இல்ல திருப்பித் திருப்பி மாத்தி எழுதுறான்னா கண்ணையும் காதையும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிட்டு பள்ளிக்கல்வித் துறையோட வட்டார வள மையத்துல இருக்க சிறப்பு ஆசிரியர்கிட்ட காட்டுங்க. சில பிள்ளைகளுக்கு மூளை எழுத்தப் பிடிக்கிற விதமே வேற மாதிரி, அதுக்கு தனியா சொல்லிக் குடுக்குற முறை இருக்கு, அடி இல்ல. அதுக்கு முன்னாடி அந்த நாலு படி சோதனைய செஞ்சு, எதுல நிக்கிறான்னு எனக்கு எழுதுங்க, அடுத்த மாசம் என்ன பண்றதுன்னு அதுக்கப்புறம் சொல்றேன்.