எண் கடைசியில்தான் வந்தது

அன்புள்ள ஐயா,

இந்த ஆண்டுதான் வேதியியலைத் தனிப் பாடமாகப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். அணு, மூலக்கூறு, தனிமம், சேர்மம் வரை சிக்கல் இல்லை. மோல் வந்ததும் நின்றுவிட்டேன். ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை 6.022 × 10²³ என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் போடும் கணக்குகளில் பெரும்பாலானவற்றில் அந்த எண் வருவதே இல்லை. பிறகு எதற்கு அதைப் படிக்கிறோம்? இன்னொரு சந்தேகம். ஒரு மோல் ஹைட்ரஜன் வாயு 2 கிராம், ஒரு மோல் ஆக்ஸிஜன் வாயு 32 கிராம். 2 கிராமும் 32 கிராமும் எப்படி ஒரே அளவாகும்? வகுப்பில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது போல் இருக்கிறது. எழுந்து கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் முதல் கேள்வி மிக நல்ல கேள்வி. அந்த எண் தெரியாமலேயே வேதியியலாளர்கள் சுமார் அரை நூற்றாண்டு காலம் சரியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரலாற்றில் அது கடைசியாக வந்தது; பாடத்தில் முதலில் வந்து நிற்கிறது. நீங்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் எண்ணைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுவோம்.

ஒரு மூட்டை நிறைய போல்ட், இன்னொரு மூட்டை நிறைய நட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போல்ட்டின் எடை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு நட்டின் எடையும் தெரியாது. ஒரு போல்ட் ஒரு நட்டைப் போல இரண்டு மடங்கு கனம் என்பது மட்டும் தெரியும். இப்போது 2 கிலோ போல்ட்டும் 1 கிலோ நட்டும் நிறுத்து எடுங்கள். இரண்டு குவியலிலும் எண்ணிக்கை சமம்தான். எத்தனை? தெரியாது. தெரியவும் வேண்டாம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு நட் மாட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றுகூட மிஞ்சாது. ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட் வேண்டும் என்றால் 2 கிலோ போல்ட்டுக்கு 2 கிலோ நட் எடுத்தால் போதும்.

மோல் இவ்வளவுதான். நிறுப்பதன் மூலம் எண்ணுவது. தராசில் கிராம்தான் தெரியும், வினையிலோ அணுக்களும் மூலக்கூறுகளும் எண்ணிக்கைப்படிதான் சேரும். 'இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறு' என்று சமன்பாடு சொல்லும்போது அந்த இரண்டும் ஒன்றும் தலைக்கணக்கு. அதை 2 கிராம், 1 கிராம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

உங்கள் இரண்டாவது சந்தேகம் இதிலேயே தீர்ந்திருக்கும். ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறைப் போலச் சுமார் 16 மடங்கு கனம். அதனால் 2 கிராம் ஹைட்ரஜனிலும் 32 கிராம் ஆக்ஸிஜனிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்று. ஒரே அளவு என்பது அந்த எண்ணிக்கையைத்தான். நானும் படிக்கிற காலத்தில் மோலை ஏதோ ஒரு எடை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். எண்ணிக்கை என்று பிடிபட்ட நாளில் பழைய கணக்குகளை எல்லாம் எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தேன்.

சரி, 16 மடங்கு என்பது எப்படித் தெரிந்தது? அணுவை யாரும் தராசில் வைத்ததில்லை. இங்கேதான் வேதியியல் பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது. நீரைப் பிரித்தால் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்ஸிஜன் கிடைக்கிறது. நீரில் ஒன்றுக்கு ஒன்று என்று அணுக்கள் இருந்தால் ஆக்ஸிஜன் அணு 8 மடங்கு கனம். இரண்டு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்ஸிஜன் என்றால் 16 மடங்கு. எடை தெரிய எண்ணிக்கை வேண்டும், எண்ணிக்கை தெரிய எடை வேண்டும். அணுக் கொள்கையை முன்வைத்த ஜான் டால்டன் எளிமையான வழியைத் தேர்ந்தெடுத்து ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த தகவலுக்கு அது நியாயமான ஊகம்தான்.

முடிச்சு வாயுக்களில் அவிழ்ந்தது. 1808-இல் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் ஒரு விஷயத்தைக் காட்டினார்: 2 பங்கு கனஅளவு ஹைட்ரஜனும் 1 பங்கு ஆக்ஸிஜனும் சேர்ந்து 2 பங்கு நீராவி தருகின்றன. அப்புறம் 1811-இல் இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்றார். இதை ஒப்புக்கொண்டால், 1 பங்கு ஆக்ஸிஜனிலிருந்து 2 பங்கு நீராவி வர ஒவ்வொரு ஆக்ஸிஜன் துகளும் இரண்டாகப் பிரிந்தாக வேண்டும். அப்படியானால் ஆக்ஸிஜன் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கின்றன. ஹைட்ரஜனும் அப்படித்தான் என்றால் நீரில் இரண்டு ஹைட்ரஜன் அணுவுக்கு ஒரு ஆக்ஸிஜன் அணு; 8 அல்ல, 16 மடங்குதான் சரி. இந்த வாதத்தை ஒரு தாளில் வட்டங்கள் வரைந்து நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். பள்ளி வேதியியலில் இதைவிட அழகான வாதம் எனக்குத் தெரியாது.

டால்டன் ஏற்கவில்லை. மற்றவர்களும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அவகாட்ரோ 1856-இல் இறந்தார். இரண்டே ஆண்டுகளில் இத்தாலிய வேதியியலாளர் கனிட்சாரோ அந்தக் கருத்தைக் கையில் எடுத்து, அணு நிறைகளை முறையாகக் கண்டுபிடிக்கும் வழியை எழுதினார். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது அந்தச் சிறு நூல் அங்கே வழங்கப்பட்டது. அதைப் படித்தபோது கண்ணை மறைத்த படலம் உதிர்ந்தது போல் இருந்ததாக ஜெர்மன் வேதியியலாளர் லோதர் மேயர் பின்னால் எழுதினார். மெண்டலீவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அவருடைய தனிம அட்டவணை வந்தது.

இத்தனை நடந்தும் 6.022 × 10²³ இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒப்பு எடைகளும் விகிதங்களும் மட்டுமே வைத்து எல்லாரும் வேலை செய்தார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். ஒரு கணக்கு போடுவோம்.

10 கிராம் ஹைட்ரஜன், 64 கிராம் ஆக்ஸிஜன். எவ்வளவு நீர் உண்டாகும்? கிராமைப் பார்த்தால் ஹைட்ரஜன்தான் குறைவு, அதுதான் முதலில் தீரும் என்று தோன்றும். மோலாக மாற்றுங்கள். 10-ஐ 2-ஆல் வகுத்தால் 5 மோல் ஹைட்ரஜன். 64-ஐ 32-ஆல் வகுத்தால் 2 மோல் ஆக்ஸிஜன். 2 மோல் ஆக்ஸிஜனுக்கு வேண்டியது 4 மோல் ஹைட்ரஜன். நம்மிடம் 5 இருக்கிறது. ஆகவே முதலில் தீர்வது ஆக்ஸிஜன். 64 கிராம் இருந்தும் அதுதான் பற்றாக்குறை. வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று புத்தகம் சொல்வது இதைத்தான். நீளமான பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிடைக்கும் நீர் 4 மோல்; ஒரு மோல் நீர் 18 கிராம், அதாவது 72 கிராம். மிஞ்சும் ஹைட்ரஜன் 1 மோல், 2 கிராம். போட்டது 74, வந்ததும் 74. இந்தக் கடைசிக் கூட்டலை எப்போதும் செய்து பாருங்கள். நீங்கள் சறுக்கிய கணக்குகளை அது அநேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கும் அந்த எண் வந்ததா? இல்லை. போல்ட் எத்தனை என்று தெரியாமலேயே நட் மாட்டி முடித்துவிட்டோம்.

அப்படியானால் எண் எதற்கு? ஒரே ஒரு மூலக்கூறு எவ்வளவு கனம் என்று கேட்கும்போது அது வேண்டும். 18 கிராம் நீரை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு நீர் மூலக்கூறு சுமார் 3 × 10⁻²³ கிராம். அணு கணக்குக்கு வசதியான கற்பனையா, உண்மையான பொருளா என்ற பெரிய சண்டைக்கும் அது வேண்டியிருந்தது. மோல் என்ற சொல்லைக் கொண்டுவந்த ஜெர்மன் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், அணு உண்மையில் இருக்கிறது என்பதை நெடுங்காலம் ஏற்கவில்லை. நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்கள் உயரத்துக்கேற்ப எப்படிப் பரவி நிற்கின்றன என்று பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரின் பொறுமையாக எண்ணி, அதிலிருந்து இந்த எண்ணைக் கணக்கிட்டார். 1909-இல் அதற்கு அவகாட்ரோவின் பெயரை வைத்ததும் அவர்தான். வெவ்வேறு வழிகளில் போனாலும் ஏறக்குறைய அதே எண் வந்ததால், அணு இல்லை என்று சொல்வது கடினமாகிவிட்டது. ஆஸ்ட்வால்டும் மனம் மாறினார். உங்கள் எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயர் இருக்கிறது, ஆனால் அவருக்கு அது கடைசி வரை தெரியாது.

20-05-2019 முதல் அது அளந்து பெறும் எண்ணாக இல்லாமல் வரையறையாகவே ஆகிவிட்டது. ஒரு மோல் என்றால் சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். நம் வழியில் சொன்னால் சுமார் 602 கோடி கோடி கோடி. நொடிக்குப் பத்து லட்சம் வீதம் எண்ணினாலும் 18 மில்லி நீரில் உள்ள மூலக்கூறுகளை எண்ணி முடிக்கச் சுமார் 1900 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1380 கோடி ஆண்டுகள்தான். ஆகவே எண்ணவே முடியாது, நிறுக்கத்தான் வேண்டும்.

அடுத்த கடிதத்துக்கு ஒரு கணக்கு தருகிறேன். 12 கிராம் கார்பன், 16 கிராம் ஆக்ஸிஜன் வாயு. கார்பன் டை ஆக்ஸைடு மட்டும் உண்டாகிறது என்று வைத்து ஒரு தடவை போடுங்கள். கார்பன் மோனாக்ஸைடு மட்டும் உண்டாகிறது என்று வைத்து இன்னொரு தடவை போடுங்கள். ஒன்றில் கார்பன் மிஞ்சும், மற்றதில் எதுவும் மிஞ்சாது. எதில் எவ்வளவு, ஏன் என்று எழுதி அனுப்புங்கள்.