மண் ஈரம் அளக்கும் கருவி: மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஆர்டுயினோ யூனோவில் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) மண் ஈரமானி செய்தோம். முள்கரண்டி வடிவ சென்சர். முதலில் ஒழுங்காக வேலை செய்தது. இப்போது தண்ணீர் ஊற்றினாலும் ‘காய்ந்த மண்’ என்கிறது. ஒரு கால் கறுத்து அரித்திருக்கிறது. போலி சரக்கா?
– பத்தாம் வகுப்பு மாணவிகள், திண்டுக்கல்

பதில்: சரக்கில் குறையில்லை, மின்சாரம் கொடுத்த விதத்தில்தான் கோளாறு. ஈர மண்ணுக்குள் இரண்டு உலோகக் கால்களை நட்டு, இடைவிடாமல் 5 வோல்ட் கொடுத்தால் மின்பகுப்பு நடக்கும். நேர்முனைக் காலின் பூச்சும் அடியிலுள்ள செம்பும் கரைந்து மண்ணில் சேரும். உங்கள் வேதியியல் பாடத்தில் வருவதேதான்.

சென்சரின் பிளஸ் ஒயரை 5 வோல்ட்டிலிருந்து கழற்றி யூனோவின் டிஜிட்டல் 7-ஆம் பின்னில் மாட்டுங்கள். அளக்கும்போது மட்டும் அந்தப் பின்னை ‘ஹை’ (மின்சாரம் வரும் நிலை) ஆக்கி, 10 மில்லி விநாடி பொறுத்து, அளவை எடுத்ததும் ‘லோ’ (மின்சாரம் நிற்கும் நிலை) ஆக்கிவிடுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும், மண் அதைவிட வேகமாகக் காய்வதில்லை. ஆனால் இவ்வகை சென்சர் உப்பையும் சேர்த்தே அளக்கிறது. பொட்டாஷ் போட்ட மண்ணில், ஈரம் கூடாமலே கூடியதாகக் காட்டும். போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் கெபாசிட்டிவ் சென்சருக்கு (உலோகம் மண்ணில் படாமல் ஈரத்தை அளப்பது) மாறிவிடுங்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது கெபாசிட்டிவ் சென்சர். காற்றில் 590, தண்ணீரில் 280 காட்டுகிறது. காற்றை 0 சதவீதம், தண்ணீரை 100 சதவீதம் என்று ‘மேப்’ கட்டளையில் (ஓர் எண் வரம்பை இன்னொரு வரம்பாக மாற்றுவது) கொடுத்துவிட்டோம். சரிதானே?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், விருதுநகர்

பதில்: சரியில்லை. பள்ளித் திட்டங்களில் பெரும்பாலானவை கோட்டை விடுவது இங்கேதான். காற்று காய்ந்த மண் ஆகாது, டம்ளர் தண்ணீரும் நனைந்த மண் ஆகாது. திரையில் வரும் 40 சதவீதம் எதன் சதவீதம் என்று நடுவர் கேட்டால் பதில் இருக்காது.

தோட்டத்து மண்ணைக் கல் பொறுக்கி, மெல்லப் பரப்பி, கிளறிவிட்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். (ஆய்வகத்தில் 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் காய வைப்பார்கள். வெயிலில் சிறிதளவு ஈரம் தங்கும், அதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.) அதில் ஒரு கிலோ எடைபோட்டு பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு அழுத்தி, சென்சரை அதன் கோடு வரை செருகி, பத்து அளவுகள் எடுத்துச் சராசரி காணுங்கள். பிறகு 50 மில்லி தண்ணீர் சேர்த்து நன்றாகப் பிசையுங்கள். இது எடையில் 5 சதவீதம். மூடி அரை மணி நேரம் வைத்து மறுபடி அளங்கள். இப்படியே 30 சதவீதம் வரை போனால் ஏழு புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுத்துங்கள். மண் தளர்ந்திருந்தால் சென்சரை ஒட்டிக் காற்று நிற்கும், காய்ந்ததாகக் காட்டும்.

புள்ளிகளை வரைபடத்தாளில் வைத்தால் நேர்க்கோடு வராது, ஈரம் மிகும்போது வளைவு படுத்துவிடும். எனவே அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையில் மட்டும் நேர்க்கோடாகக் கணக்கிடுங்கள்.

இப்படிக் கிடைக்கும் ஏழு புள்ளிகளின் அட்டவணை அந்த மண்ணுக்கு மட்டுமே. மணற்பாங்கான மண்ணில் 15 சதவீதம் தாராளமான ஈரம், கரிசலில் அதே 15-இல் செடி வாடிக்கொண்டிருக்கும். உங்கள் ஊர்க் கரிசலுக்கும் பக்கத்துச் செம்மண்ணுக்கும் தனித்தனி அட்டவணை போட்டால், அதுவே திட்டத்தின் சிறந்த பகுதியாக இருக்கும்.

கேள்வி: மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் ஊற்றும் சிறு பம்பை ஈரமானியோடு இணைத்தோம். பம்ப் ஓடத் தொடங்கியதும் யூனோ ரீசெட் ஆகிறது, எல்.சி.டி.யில் கிறுக்கல் எழுத்து வருகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே 9 வோல்ட் பேட்டரி.
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: அந்தச் சிறு செவ்வக பேட்டரியால் பம்பைத் தாங்க முடியாது. பம்ப் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரிகிறது, யூனோ அணைந்து எழுகிறது. யூனோவை யு.எஸ்.பி. வழியாகவும், பம்பையும் ரிலேயையும் (யூனோவின் சிக்னலால் பம்பை ஓட்டி நிறுத்தும் சுவிட்ச்) தனியாக ஒரு 5 வோல்ட் மொபைல் சார்ஜரிலும் ஓட்டுங்கள். சார்ஜரின் மைனஸை யூனோவின் கிரவுண்டோடு இணைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ரிலேக்கு சிக்னல் போய்ச் சேராது. பம்பின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) போடுங்கள், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் இருக்கட்டும். 230 வோல்ட் மோட்டாரை மாணவர்கள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி: ரிலே ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. ஏன்?
– எட்டாம் வகுப்பு மாணவர், சேலம்

பதில்: பம்பை ஓட்டவும் நிறுத்தவும் ஒரே எல்லையை வைத்திருப்பீர்கள். 12 சதவீதத்துக்குக் கீழே போனால் ஓடு, 18-ஐத் தாண்டினால் நில் என்று இரண்டாகப் பிரியுங்கள் (எண்கள் உங்கள் மண்ணைப் பொறுத்து மாறும்). ஊற்றிய நீர் சென்சரை எட்ட நேரமாகும் என்பதால், மூன்று விநாடி ஓட்டிப் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி அளப்பது நல்லது.