கொல்லோம்

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூன்று நண்பர்கள். ஞாயிறுதோறும் ஹட்டனில் கூடி, ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ நாவலை மலையகத் தமிழுக்கு மாற்றி விளையாடுகிறோம். தீய மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்கச் சுமந்து போகும் ஃப்ரோடோ பெகின்ஸ் எங்களிடம் ‘ஃப்ரோடோ சாக்குப்பிள்ளை’. மோதிரத்துக்கு அலையும் கொல்லம் ‘கொல்லோம்’ ஆகிவிட்டான். மோதிரத்தைச் செய்த கொடியவன் சௌரோன் தோட்டத்துப் பெரியதுரை, அவனுடைய ஓர்க்குப் படைகளை விரட்டுபவர்கள் கங்காணிமார். பயணத்தில் கூடப் போகும் சாம், ஃப்ரோடோவைத் ‘துரை’ என்று அழைக்கிறான். எல்ஃபுகள் என்ற இனத்தார் வழிக்குக் கொடுக்கும் லெம்பாஸ், தேங்காய் ரொட்டி. இதெல்லாம் நாவலுக்குச் செய்யும் அவமரியாதை என்று எங்களில் ஒருவர் கோபிக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள தம்பி,

‘கொல்லோம்’ என்ற இடத்தில் கடிதத்தை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன். தொண்டையில் எச்சில் விழுங்கும் சத்தத்தால் வந்த பெயர் அது. அப்படியே தமிழில் எழுதினால் கேரளத்து ஊர் ஒன்று நினைவுக்கு வரும். நீங்கள் ஓர் ஓகாரம் போட்டதும் ‘நாங்கள் கொல்ல மாட்டோம்’ என்று பொருள் வந்துவிட்டது. தன்னையே ‘நாம்’ என்று சொல்லிக்கொள்ளும் பிராணிக்குத் தன்மைப் பன்மை வினைமுற்றே பெயராக வாய்த்திருக்கிறது. இதற்கு முன்கதையாக 1937இல் வந்த ‘ஹொபிட்’ நாவலில், ஃப்ரோடோவைப் பின்னாளில் வளர்த்த பில்போ இருட்டுச் சுரங்கத்தில் வாளோடு நிற்கிறார். எதிரே ஆயுதமில்லாத அந்தப் பிராணி. இரக்கம் வந்து, அதைக் கொல்லாமல் தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறார். பிறகு ஃப்ரோடோவும் கொல்லவில்லை. எரிமலைச் சரிவில், கை ஓங்கிய சாமும் கொல்லவில்லை. மூவரும் விட்டுவைத்ததால்தான் கடைசியில் மோதிரம் நெருப்பில் விழுகிறது. அத்தனையும் உங்கள் ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. நாவலில் ஊறியவர்களுக்கே இப்படி விளையாட வரும். கோபிக்கும் நண்பருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

சாக்குப்பிள்ளைக்கு டோல்கீனே சான்று தருவார். டச்சு, சுவீடிய மொழிபெயர்ப்புகளில் பெயர்கள் பட்ட பாட்டைப் பார்த்து மனம் நொந்த அவர், பின்னால் வரும் மொழிபெயர்ப்பாளர்களுக்காக ஒரு பெயர்க்குறிப்பு எழுதி வைத்தார். அவர் மறைந்த பிறகு, 1975இல், அது அச்சில் வந்தது. பெகின்ஸ் என்ற பெயரைப் பெயர்க்கும்போது பை அல்லது சாக்கைக் குறிக்கும் சொல் அதில் இருக்க வேண்டும் என்கிறார். கணக்குப்பிள்ளையைத் தெரிந்த நம் ஊரில் சாக்குப்பிள்ளையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சௌரோனைப் பெரியதுரை ஆக்கியதிலும் எனக்குக் குறை இல்லை. தன் கதையை உருவகக் கதையாகப் பார்ப்பதை டோல்கீன் விரும்பவில்லை. ஆனால் வாசகர் தம் வாழ்க்கையோடு அதைப் பொருத்திப் பார்க்கும் சுதந்திரத்தை மதித்தார். அந்தச் சுதந்திரம் நமக்கும் உண்டு.

‘துரை’யை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒரே கதையில் சௌரோன் பெரியதுரை, ஃப்ரோடோவும் துரை என்றால் மோதிரத்தைச் சுமப்பவனையும் செய்தவனையும் ஒரே பங்களாவில் குடிவைத்துவிடுகிறீர்கள். என் பாட்டி, வேலையிலிருந்து நின்று பத்து வருடம் ஆன பிறகும், ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் தூக்கிச் செருகிய சேலையை இறக்கிவிட்டுக் கானோரம் ஒதுங்கி நிற்பார். ஒருநாள் வந்தது மரக்கறி வாங்க வந்த வியாபாரியின் ஜீப். அது வளைவில் மறையும் வரை குனிந்த தலை நிமிரவில்லை. துரை என்ற சொல் நம் மலைகளில் அப்படிப் புழங்கியது. சாம் தன் முதுகில் ஃப்ரோடோவைத் தூக்கிக்கொண்டு எரிமலை ஏறும் இடத்தில் ‘துரை’ என்று அழைத்தால், நம் வாசகர் கண்ணுக்குத் தெரிவது துரையைச் சுமக்கும் ஒரு கூலி. அந்த இடத்தில் இருக்கும் அன்பு செத்துவிடும். முதல் உலகப் போரில் தான் பழகிய சாதாரணச் சிப்பாய்களின் சாயலில்தான் சாமைப் படைத்ததாகவும், அவர்கள் தன்னைவிட எவ்வளவோ மேலானவர்கள் என்றும் டோல்கீன் சொல்லியிருக்கிறார்.

சாம் பெகின்ஸ் வீட்டுத் தோட்டக்காரன். ஆகவே ஊரில் இருக்கும்வரை ‘ஐயா’ என்று அழைக்கட்டும். பயணம் புறப்படும்போது ஃப்ரோடோவுக்கு வயது 50, சாமுக்கு 38. நடுவில் பன்னிரண்டு வருடம். நம் வீடுகளில் மூத்த அண்ணனுக்கும் கடைசித் தம்பிக்கும் சாதாரணமாக இருக்கும் இடைவெளி. வழியில் ஒரு ராட்சதச் சிலந்தி கொட்டி ஃப்ரோடோ விறைத்துக் கிடக்கிறார், இறந்துவிட்டார் என்று எண்ணி சாம் கதறுகிறான். அங்கே முதல் தடவையாக ‘அண்ணே’ என்று அவன் வாயில் வரட்டும். ஆங்கிலத்தில் இதைச் செய்ய வழி கிடையாது. தமிழில் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

லெம்பாஸ் என்பது எல்ஃப் மொழிச் சொல், அது அப்படியே இருக்கட்டும். அதன் பொருள் பயண ரொட்டி. இலையில் சுற்றிய ஒன்றே ஒரு நாள் நடைக்குப் போதும். அந்தப் பொருளில் தமிழில் ஒரு பழஞ்சொல் தயாராக இருக்கிறது. கற்றவருக்கு எந்த நாடும் சொந்த நாடே என்று சொல்லும் பழமொழி நானூற்றுப் பாட்டு, அவருக்கு ‘ஆற்றுணா வேண்டுவது இல்’ என்று முடிகிறது. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. எல்ஃபுகள் அதைக் கையில் தரும்போது ஆற்றுணா என்று சொல்லட்டும். சாம் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து ‘ரொட்டி’ என்று சொல்லட்டும். காலையில் மலைக்கு ரொட்டி கட்டிக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள் நாம், அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து பறிக்க வேண்டாம்.

பில்போவும் கொல்லோமும் விடுகதை போடும் அத்தியாயத்தைச் செய்துவிட்டீர்களா? அதில் முட்டைக்கு ஒரு விடுகதை வரும். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், ‘ஒரு குப்பிக்குள் இரண்டு எண்ணெய்’ என்று நம் வீட்டு விடுகதையையே போடுங்கள். முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், முதலில் நான் படிக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா